படுக்கையறைப் பீரோ

திருடனை நினைத்துக்கொண்டு நாம் வாங்கும் வீட்டுச் சாமான் ஒன்றே ஒன்றுதான். அதுதான் பீரோ. நாற்காலி வாங்கும்போது உட்காருகிறவனை நினைக்கிறோம். கட்டில் வாங்கும்போது படுக்கிறவனை நினைக்கிறோம். பீரோ வாங்கும்போது மாத்திரம், நம் வீட்டுக்கு இதுவரை வராத, இனியும் வரக்கூடாத ஒரு மனிதனை நினைத்துக் கதவைத் தட்டிப் பார்க்கிறோம். பூட்டை நாலு தரம் திருப்பிப் பார்க்கிறோம். கடைக்காரரும் தகட்டின் கனத்தைப் பற்றியே பேசுகிறார்.

பீரோ வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு, பெரும்பாலும் அந்தத் திருடன் வருவதில்லை. வேறு சிலர் வருகிறார்கள். ஈரம் வருகிறது. பூஞ்சணம் வருகிறது. ராமபாணப் பூச்சி வருகிறது. கடற்காற்றோடு துரு வருகிறது. ஐப்பசி கார்த்திகையில், சில வருஷங்களில், வாசற்படியைத் தாண்டி வெள்ளமே வருகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் ஒரு குழந்தை பிறந்து, தவழ்ந்து, நின்று, கையில் அகப்பட்டதைப் பிடித்து ஏறத் தொடங்குகிறது. இவர்களில் ஒருவரையாவது பூட்டுத் தடுப்பதில்லை. ஆகையால், வராத திருடனுக்காக அடுக்கிய பீரோவை, வருகிற இந்த விருந்தாளிகளை உத்தேசித்து மறுபடி அடுக்க வேண்டும் என்பதுதான் இங்கே சொல்ல வந்த விஷயம்.

புதுச்சேரியை வைத்துக்கொண்டு பீரோவைப் பற்றி எழுதும்போது, அந்தப் பெயரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. பீரோ பிரெஞ்சுச் சொல். ஆனால் பிரெஞ்சுக்காரர் பீரோ என்று சொல்வது எழுதும் மேஜையையும் காரியாலயத்தையுந்தான். துணி வைக்கும் சாமானுக்கு அவர்கள் பாஷையில் ‘ஆர்ம்வார்’ என்று பெயர். அதன் போர்த்துகீசியச் சகோதரிதான் நம்மிடம் அலமாரி என்று வந்து குடியேறினாள். அலமாரியைப் பூட்டுகிற சாவியும் போர்த்துகீசியர் கொடுத்துப் போன சொல்லே. இதில் ஒரு வேடிக்கை உண்டு. பீரோ என்பது ஆதியில் ஒரு முரட்டுக் கம்பளித் துணியின் பெயரிலிருந்து பிறந்தது. அந்தத் துணியை எழுதும் மேஜையின் மேல் விரித்தார்கள். துணியின் பெயர் மேஜைக்கு ஆயிற்று. மேஜையின் பெயர் அது இருந்த அறைக்கு ஆயிற்று. தமிழ் வீட்டுக்குள் நுழைந்த பிறகு துணி வைக்கும் பெட்டகத்தின் பெயராகி, ஊரெல்லாம் சுற்றிவிட்டுத் துணியிடமே திரும்பி வந்து சேர்ந்துவிட்டது!

நம் பாட்டிமார் காலத்தில் மரப் பெட்டியும், சுவரிலேயே அமைந்த கதவு போட்ட அலமாரியும் இருந்தன. இரும்புத் தகட்டுப் பீரோ நம் தேசத்திலேயே தயாராக ஆரம்பித்தது 1923-ம் வருஷத்தில். பம்பாயில் பூட்டுச் செய்து பெயர் பெற்ற கோத்ரேஜ் கம்பெனியார் அதைச் செய்தார்கள். பூட்டுக்காரர் செய்த சாமானாகையால், பூட்டே அதற்குப் பெருமையாக அமைந்துவிட்டதில் ஆச்சரியம் இல்லை. நாளடைவில் அந்தக் கம்பெனியின் பெயரே பீரோவின் பெயராகி, ஊர்ப் பட்டறையில் அடித்த பீரோவையும் ‘காத்ரெஜ்’ என்று சொல்லும்படி ஆகிவிட்டது. கலியாணச் சீரில் அது இல்லாவிட்டால் சம்பந்திகள் முகத்தைச் சுளிக்கும் காலமும் வந்தது.

முதலியார்பேட்டைக்கும் துணிக்கும் உள்ள உறவு வெகு நாளையது. புதுச்சேரிக்குத் தெற்கே கடலூர் சாலையில் 1898-ம் வருஷம் ஏற்பட்ட மில்லை ஜனங்கள் ரோடியர் மில் என்றார்கள், பிறகு ஏ.எப்.டி. என்றார்கள். 2020-ம் வருஷத்தில் அது மூடப்படும் வரையில், எத்தனையோ குடும்பங்களுக்கு அந்த மில்லின் சங்கே கடிகாரமாக இருந்தது. நெசவுச் சாலைக்குள் நுழைந்து பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். அங்கே காற்றில் வேண்டுமென்றே நீர்த்துளிகளைத் தூவி ஈரத்தை நூற்றுக்கு எழுபதுக்கு மேலேயே வைத்திருப்பார்கள். காற்று உலர்ந்தால் பாவு நூல் அறுந்து போகும். பாவு நூலுக்குக் கஞ்சியும் போடுவார்கள். ஈரமும் கஞ்சியும் இல்லாமல் நெசவு இல்லை. ஆனால், நெய்து முடிந்து வீட்டுக்கு வந்த துணிக்கு, தறியில் தாயாக இருந்த அந்த இரண்டுமே எமனாகி விடுகின்றன. ஈரத்தில் பூஞ்சணம் பூக்கிறது. கஞ்சியைத் தின்னப் பூச்சி வருகிறது. கடலோர ஊர்களில் மழைக்காலத்துக் காற்றே நெசவுச் சாலையின் காற்றைப்போல் இருக்கிறது. பீரோவுக்குள் அடைபட்ட காற்றைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை.

கடலூர் சாலையிலிருந்து பிரியும் ஏதாவது ஒரு தெருவில், ஒரு மத்தியதரக் குடும்பத்தின் படுக்கையறையை நேயர்கள் மனக்கண்முன் கொண்டு வாருங்கள். அறை பத்தடிக்குப் பத்தடி. அதில் ஒரு கட்டில். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு தூளி. மூலையில், ஆறரை அடி உயரமும் மூன்றடி அகலமும் ஒன்றரை அடி ஆழமும் உள்ள இரும்புப் பீரோ, ஒரு கதவில் நிலைக்கண்ணாடியோடு நிற்கிறது. அதன் தலைமேல் இரண்டு தோல் பெட்டிகள். பெட்டிகளின் மேல் ஒரு பித்தளை அண்டா. அண்டாவுக்குள் என்ன இருக்கிறது என்பது வீட்டாருக்கே ஞாபகம் இல்லை. பீரோவைத் திறந்தால், மேல்தட்டில் கம்பளியும் போர்வையும். நடுத்தட்டில் பட்டுப் புடவைகள். லாக்கரில் நகையும் கொஞ்சம் பணமும். கீழ்த்தட்டில் பழந்துணி மூட்டை, அதற்கடியில் ஒரு பழைய தகரப் பெட்டியில் வீட்டுப் பத்திரங்கள். எல்லாவற்றுக்கும் நடுவே அங்கங்கே வெள்ளை வெளேரென்று அந்துருண்டைகள். இந்த அறையில் தவறாக இருப்பது எது என்று கேட்டால், ஏறக்குறைய எல்லாமே என்றுதான் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் பீரோ நிற்கும் நிலையைப் பார்ப்போம். காலிப் பீரோவைத் தூக்குவதற்கே நாலு ஆள் வேண்டியிருப்பதால், அது ஆடாது, அசையாது என்று நாம் நம்பிக் கொண்டிருக்கிறோம். உயரத்துக்குத் தகுந்த ஆழம் இல்லாத எந்தச் சாமானும் முன்பக்கம் சாயக்கூடியதே. இரண்டு கதவையும் அகலத் திறந்தவுடன் கதவுகளின் பாரம் முழுவதும் பீரோவின் முன்காலுக்கு வெளியே வந்துவிடுகிறது. கண்ணாடி பதித்த கதவானால் இன்னும் அதிகம். அந்தச் சமயத்தில் ஒரு மூன்று வயதுப் பிள்ளை கீழ்த்தட்டில் கால் வைத்து, மேல்தட்டைக் கையால் பற்றித் தொங்கினால் என்ன ஆகும்? தலைமேல் அண்டா வேறு இருக்கிறது. குழந்தைக்கு அந்தத் தட்டுகள் தட்டுகளாகத் தோன்றுவதில்லை, ஏணிப்படிகளாகத் தோன்றுகின்றன.

இது வீண் பயம் அல்ல. அமெரிக்காவில் துணி வைக்கும் இழுப்பறைப் பெட்டகங்கள் சாய்ந்து குழந்தைகள் இறந்து போனதால், 2016-ம் வருஷத்தில் இகியா என்ற பெரிய கம்பெனி 2 கோடியே 90 லட்சம் பெட்டகங்களைத் திருப்பி எடுத்துக்கொள்ள முன்வர நேர்ந்தது. 2022-ம் வருஷ முடிவில் அங்கே இதற்கென்றே ஒரு சட்டம் செய்தார்கள். 60 பவுண்டு வரையில் எடையுள்ள ஒரு குழந்தை தொங்கினாலும், இழுப்பறைகளைத் திறந்து அவற்றில் சாமான் நிறைத்தாலும், பெட்டகம் சாயாது என்று சோதித்த பிறகே அதை விற்கலாம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. நம் ஊரில் அந்தச் சோதனையைப் பீரோ வாங்கியவரே செய்து கொள்ள வேண்டியிருக்கிறது.

புதுச்சேரிப் பக்கத்துப் பழைய வீடுகளில் இன்னொரு சங்கடமும் உண்டு. தரையைக் கழுவிவிட்ட தண்ணீர் தானாக வடிய வேண்டும் என்று, முற்றத்தையோ வாசலையோ நோக்கி மேஸ்திரி தரைக்கு வாட்டம் கொடுத்திருப்பார். நடக்கிறவர் காலுக்கு அது தெரியாது, பீரோவுக்குத் தெரியும். வாட்டத்தைப் பார்த்து நிற்கும் பீரோவின் கதவு, திறந்தவுடன் தானே முழுவதும் அகன்று போகும். உங்கள் வீட்டுப் பீரோவின் கதவு கையை விட்டதும் தானாகத் திறந்து கொள்கிறதா? அப்படியானால் பீரோ முன்பக்கம் குனிந்திருக்கிறது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம். மேஸ்திரியின் ரசமட்டம் ஒன்றை இரவல் வாங்கித் தட்டின் மேல் வைத்துப் பார்த்தால் எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும். முன்கால்கள் இரண்டுக்கும் அடியில் கால் அங்குல கனத்துக்குத் தேக்குச் சக்கை கொடுத்து, பீரோ சுவர்ப்பக்கம் ஒரு மயிரிழை சாய்ந்து நிற்கும்படி செய்ய வேண்டும். அட்டையும் காகிதமும் உதவாது. தரை கழுவும்போது நனைந்து நசுங்கிவிடும்.

அதோடு நிற்கக்கூடாது, பீரோவைச் சுவரோடு பிணைக்க வேண்டும். இங்கேதான் ஒரு முரண்பாடு வருகிறது. ஈரத்துக்காகப் பீரோவைச் சுவரிலிருந்து தள்ளி வை என்கிறோம். சாயாமல் இருப்பதற்காகச் சுவரோடு சேர்த்துக் கட்டு என்கிறோம். இரண்டையும் ஒரு கட்டை தீர்த்து வைக்கும். பீரோவின் உச்சிக்குச் சற்றுக் கீழே, சுவரில் மூன்று அங்குல கனமுள்ள ஒரு மரக்கட்டையை முதலில் இறுக்கிவிட்டு, அந்தக் கட்டையோடு பீரோவின் முதுகை இரும்பு ஆங்கிளால் முடுக்கி விடலாம். காற்றுப் போக வழியும் உண்டு, பிடிப்பும் உண்டு. பழைய சுவரானால் சுண்ணாம்புக் காரையில் மாத்திரம் துளை போட்டுப் பிரயோஜனம் இல்லை. அது உதிர்ந்து கையோடு வந்துவிடும். செங்கல்லின் நடுவில் ஆழத் துளைத்து ராவல் பிளக் வைக்க வேண்டும். அரைமணி நேர வேலை. ஒரு தச்சருக்கு அரை நாள் கூலி கொடுத்தாலும் பாதகமில்லை. ஓதம் ஏறி உப்புப் பூத்த சுவராக இருந்தால் அந்தச் சுவரையே விட்டுவிட்டு, வீட்டுக்குள் இருக்கும் நடுச்சுவருக்குப் பீரோவை மாற்றுவதே சிலாக்கியம். அதன் முதுகுக்குப் பின்னால் மின்சாரப் பிளக் எதையும் மறைத்து வைக்க வேண்டாம்.

அடுக்குகிற விதத்துக்கு வருவோம். கனமான சாமான் கீழே இருக்க வேண்டும். அதுதான் பீரோவை நிலைநிறுத்தும். ஆனால் வெள்ளம் வந்தால் முதலில் நனைவதும் கீழ்த்தட்டுதான். ஆகவே கனமாகவும் இருக்க வேண்டும். நனைந்தால் கெடாததாகவும் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட வஸ்துகள் வீட்டில் இல்லாமலா இருக்கின்றன? வெள்ளிப் பாத்திரம், பித்தளைக் குத்துவிளக்கு, வெண்கலப் பானை, தலைமேல் ஏறி உட்கார்ந்திருக்கும் அந்த அண்டா, எல்லாவற்றையும் கீழே இறக்குங்கள். காகிதமும் பட்டும் மேலே போகட்டும். தினம் எடுக்கிற வேஷ்டி, புடவை, பள்ளிக்கூடத்து உடுப்பு முதலியவை இடுப்புக்கும் தோளுக்கும் நடுவிலுள்ள தட்டுகளில், ஆளுக்கு ஒரு பக்கமாக இருக்கட்டும். அறுபது வயதைக் கடந்த பெரியவர்கள் குனிந்து தேடவும் கூடாது. முக்காலி போட்டு ஏறவும் கூடாது. பீரோவின் தலைமேல் ஒன்றுமே இருக்கக்கூடாது. பரண் இருக்கிறதே, அது எதற்காக இருக்கிறது?

தேள்கடி மருந்து, தூக்க மாத்திரை, எலிப் பாஷாணம் முதலானவற்றைத் துணிகளின் இடுக்கில் ஒளித்து வைக்கும் வழக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒளித்து வைத்ததை முதலில் கண்டுபிடிக்கிறவர்கள் குழந்தைகளே. அவர்கள் கண்ணாமூச்சி ஆடும்போது புகுந்து கொள்ளாதபடி காலித்தட்டுள்ள பீரோவைப் பூட்டி, சாவியை எடுத்துவிட வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லி வைக்கிறோம்.

இனி அந்துருண்டை. பாச்சை உருண்டை என்றும் சொல்வார்கள். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நாப்தலீன் என்ற சரக்கில் செய்த இந்த உருண்டை கரைவதில்லை, உருகுவதில்லை. கட்டியாக இருந்தபடியே ஆவியாகிறது. அந்த ஆவி, இறுக மூடிய பெட்டிக்குள் போதுமான அளவு சேர்ந்தால் அந்துப்பூச்சியைக் கொல்லும். அந்துப்பூச்சியின் புழுவுக்கு ஆகாரம் எது என்றால், கம்பளியும் பட்டும் மயிரும் இறகும். குளிர் தேசத்தார் கோடைக்காலத்தில் கம்பளி உடுப்புகளைப் பெட்டியில் போட்டு இறுக மூடி வைப்பதற்காகக் கைக்கொண்ட உபாயம் இது. முதலியார்பேட்டையில் ஒரு குடும்பத்துக்குக் கம்பளி உடுப்பு எத்தனை இருக்கும்? திருப்பதிக்குப் போகும்போது போர்த்திக்கொள்ளும் ஒரு சால்வை இருக்கலாம். மற்றதெல்லாம் பருத்தி. பருத்தியைக் கெடுப்பது பூஞ்சணமும், கஞ்சிக்கு ஆசைப்பட்டு வரும் ராமபாணமும் கரப்பும். ஈரத்தை இந்த உருண்டை ஒரு துளியும் போக்காது. தினம் பத்துத் தரம் திறந்து மூடுகிற பீரோவில் அதன் ஆவி தங்குவதும் இல்லை. எங்கே போகிறது? அதே அறையில் படுத்து உறங்குகிறவர்களின் சுவாசத்துக்குள் போகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேர்ந்த தேசங்களில் 2008-ம் வருஷத்திலேயே நாப்தலீன் உருண்டையைத் தடுத்து விட்டார்கள். அதற்கு உண்மையாகவே வேலை இருந்த தேசங்கள் அதைக் கைவிட்ட பிறகும், வேலையே இல்லாத நம் வீட்டில் அது சுகமாக வாசம் செய்து கொண்டிருக்கிறது!

வெறும் வீண் செலவு என்றால் விட்டுவிடலாம். அறையின் நடுவே ஒரு தூளி தொங்குவதாகச் சொன்னோம் அல்லவா? நம் வீடுகளில் பச்சைக் குழந்தையைப் புதுத்துணியில் கிடத்துவதில்லை. “பழந்துணிதான் பிள்ளை உடம்புக்கு இதமாக இருக்கும்” என்று பாட்டி சொல்கிறாள். சொல்வதில் நியாயமும் இருக்கிறது. பல தரம் துவைத்து மெத்தென்று ஆன வேஷ்டியும் நூல் புடவையும் புதுத்துணியைவிட எவ்வளவோ மேல். ஆகவே பிரசவத்துக்கு நாள் நெருங்கும்போது பீரோவின் கீழ்த்தட்டிலிருந்து பழந்துணி மூட்டை வெளியே வருகிறது. தாத்தாவின் வேஷ்டி குழந்தைக்குப் போர்வையாகிறது. அம்மாவின் புடவை தூளியாகிறது. அந்த மூட்டையோ மூன்று வருஷமாக அந்துருண்டைகளின் நடுவே கிடந்தது. துணியின் இழைக்கு இழை அந்த ஆவி ஏறியிருக்கிறது.

சில குழந்தைகள் பிறக்கும்போதே, இரத்தத்திலுள்ள சிவப்பணுக்களைப் பாதுகாக்கும் ஒரு சத்துக் குறைந்து பிறக்கின்றன. வைத்தியர்கள் அதை ஜி-6-பி-டி குறைவு என்கிறார்கள். மலேரியா நெடுங்காலம் பரவியிருந்த பிரதேசங்களில் இது அதிகம். நம் தேசத்திலும் உண்டு. ஆண் குழந்தைகளிடம் அதிகமாகக் காணப்படுகிறது. பார்வைக்குக் குழந்தை கொழுகொழுவென்றே இருக்கும். குறை இருப்பது பெற்றோருக்குத் தெரியாது. அப்படிப்பட்ட குழந்தையை நாப்தலீன் ஏறிய துணியில் சுற்றினால், அந்த விஷம் மூச்சின் வழியாகவும், தோலின் வழியாகவும் உள்ளே போய்ச் சிவப்பணுக்களை உடைக்கிறது. எண்ணெய் தடவிய உடம்பானால் இன்னும் சுலபமாக உள்ளே இறங்கும். கண்ணும் தோலும் மஞ்சளிக்கின்றன. சிறுநீர் கறுத்துப் போகிறது. குழந்தை பால் குடிக்காமல் துவண்டு விடுகிறது. மஞ்சள் மிதமிஞ்சி ஏறினால் மூளைக்கே கெடுதல் உண்டாகி ஆயுள் முழுவதும் நீங்காத ஊனமாகலாம். உயிருக்கும் ஆபத்து வரலாம். பச்சைக் குழந்தைக்கு மஞ்சள் காமாலை கண்டவுடன், வீட்டார் எதையெதையோ காரணமாகச் சொல்வார்கள். தூளிப் புடவையை முகர்ந்து பார்க்க யாருக்குத் தோன்றும்?

ஆகையால் குழந்தைக்கென்று எடுக்கும் பழந்துணியை அந்துருண்டையின் பக்கமே வைக்கக்கூடாது. ஏற்கெனவே வைத்திருந்தால், சோப்புப் போட்டுத் துவைத்து, வெயிலிலும் காற்றிலும் நாட்கணக்கில் போட்டு, வாசனை அடியோடு போன பிறகே உபயோகிக்க வேண்டும். சிறிது வாசனை இருந்தாலும் அந்தத் துணி வேண்டாம். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் இந்தக் காரியத்தை ஏழாம் மாதத்திலேயே முடித்துவிடுவது நலம். தவழும் குழந்தை அந்துருண்டையைப் பெப்பர்மிண்டு என்று எண்ணி வாயில் போட்டுக்கொள்வதும் உண்டு. அப்போது வீட்டில் செய்யக்கூடிய கைவைத்தியம் எதுவும் இல்லை. வாந்தி எடுக்கச் செய்ய வேண்டாம். பாலோ எண்ணெயோ கொடுக்க வேண்டாம். கொழுப்போடு சேர்ந்தால் விஷம் சீக்கிரம் இரத்தத்தில் கலக்கும். மிச்சமுள்ள உருண்டையைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அன்று சாயங்காலம் குழந்தை விளையாடிக் கொண்டிருக்கிறதே என்று திருப்தி அடைந்து விடக்கூடாது. சிவப்பணுக்கள் உடைவது ஓரிரு நாள் கழித்தும் வெளிப்படும்.

அந்துருண்டை இல்லாவிட்டால் பூச்சிக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். வேப்பிலைச் சருகு, வெட்டிவேர், வசம்பு என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சம்பிரதாயம் உண்டு. வெட்டிவேர் வாசனைக்கு நல்லது. வேறு பெரிய வேலை செய்கிறது என்று நாம் உறுதி சொல்லத் தயாராக இல்லை. அப்படி எதை வைத்தாலும் மெல்லிய துணிப்பையில் கட்டி, புடவையின் மேல் படாமல் மூலையில் வையுங்கள். பட்டால் கறை விழும். உண்மையான பாதுகாப்பு வேறு இடத்தில் இருக்கிறது. நெடுநாள் எடுக்காமல் வைக்கப் போகும் வேஷ்டியைக் கஞ்சி போக அலசி உலர்த்தி வைத்தால் ராமபாணத்துக்கு ஆகாரம் இல்லை. ஒரு தரம் உடுத்ததை, ‘அழுக்காகவில்லையே’ என்று மடித்து உள்ளே வைக்காமல் இருந்தால், வேர்வைக்கு வரும் பூச்சி வராது. இஸ்திரி போட்ட சூட்டோடு உள்ளே வைக்காமல் ஆறவிட்டு வைத்தால் நீராவி உள்ளே அடைபடாது. தட்டில் பழைய பத்திரிகைக் காகிதத்தை விரிப்பதைவிட வெள்ளைப் பருத்தித் துணியை விரிப்பது மேல். காகிதம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. அதைத் தின்னவும் பூச்சி வருகிறது. பத்திரிகைக்காரர்களாகிய நாமே இதைச் சொல்வது தியாகந்தான்!

பட்டுப் புடவையைப் பற்றி நமது சகோதரிகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இரண்டே விஷயம். பிளாஸ்டிக் உறையில் வைக்காமல், துவைத்த மல்துணியில் சுற்றி வைக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் எடுத்து, மடிப்பை மாற்றி மடிக்க வேண்டும்; ஒரே மடிப்பில் பல வருஷம் கிடந்த புடவை அந்தக் கோட்டிலேயே இற்றுப் போகும். ஜரிகையின் மேல் அத்தரும் அந்துருண்டையும் ரப்பர் வளையமும் படக்கூடாது. நல்ல ஜரிகையில் இருப்பது வெள்ளிக் கம்பி. வெள்ளிக்குக் கந்தகம் ஆகாது.

தகரப் பெட்டியிலுள்ள பத்திரங்களுக்கு வருவோம். வேறு ஊர்களில் பத்திரம் நனைந்தால் நகல் வாங்கலாம் என்று ஆறுதல் சொல்லலாம். புதுச்சேரிக் குடும்பங்களின் காகிதங்கள் அப்படிப்பட்டவை அல்ல. தாத்தாவின் ஜனனப் பதிவு பிரெஞ்சில் இருக்கும். வீட்டுக் கிரயம் நொத்தேர் எழுதிய பிரெஞ்சுப் பத்திரமாக இருக்கும். 1954-ம் வருஷம் நவம்பர் 1-ம் தேதி நிர்வாகம் கை மாறி, 1962-ம் வருஷம் ஆகஸ்டு 16-ம் தேதி உடன்படிக்கை அமுலுக்கு வந்தபோது, எந்தத் தேசத்துப் பிரஜை என்று தீர்மானித்துக்கொள்ள ஜனங்களுக்கு ஆறு மாதத் தவணை கிடைத்தது. ஏறத்தாழ ஐயாயிரம் பேர் பிரெஞ்சுப் பிரஜைகளாக இருக்க விரும்பி எழுதிக் கொடுத்தார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேவகம் செய்து திரும்பிய ‘சொல்தா’க் குடும்பங்களில் பென்ஷன் காகிதங்கள் வேறு. தாத்தாவின் கையெழுத்து உள்ள ஒரு பழுப்பேறிய தாளைக் கொண்டுதான் பேரன் தன் உரிமையைப் பேச வேண்டியிருக்கிறது. அப்படிப்பட்ட தாள் தரையிலிருந்து நாலு அங்குல உயரத்தில் கிடக்கிறது!

2011-ம் வருஷம் டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. 2024-ம் வருஷம் நவம்பர் 30-ம் தேதி இரவில் பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே வந்து நின்று, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழையைக் கொட்டியது. தெருக்களில் இராணுவத்தார் படகில் போய் ஜனங்களை மீட்க வேண்டியிருந்தது. நள்ளிரவில் தண்ணீர் உள்ளே வரும்போது, விளக்கும் இல்லாத அறையில், கீழ்த்தட்டு மூட்டையை நீக்கித் தகரப் பெட்டியைத் தேட யாருக்கு அவகாசம் இருக்கும்? பத்திரங்களை மேல்தட்டில், கைக்கு எட்டும் ஓரத்தில், ஒரே உறையில் வைக்க வேண்டும். குண்டூசிகளையும் ரப்பர் வளையங்களையும் எடுத்துவிடுங்கள்; கடற்காற்றில் ஊசி துருப்பிடித்து எழுத்தையே தின்றுவிடும். பழைய தாளை ‘லாமினேஷன்’ செய்யவே கூடாது. சூட்டில் ஒட்டிய அந்த உறையைப் பிறகு பிரிக்க முடியாது. சாதாரண நாளில் துணிப்பை போதும். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியதும், தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பைக்குள் அந்தத் துணிப்பையை அப்படியே போட்டுக் கட்டிவிட வேண்டும். எல்லாவற்றையும் முன்கூட்டியே படம் பிடித்து, வேறு ஊரிலுள்ள மகனிடமோ மகளிடமோ ஒரு பிரதி கொடுத்து வைப்பதும் நல்லது.

இத்தனையையும் எப்போது செய்வது? நமது பெரியவர்கள் நாள் குறித்து வைத்திருக்கிறார்கள். இந்தக் கரையோரத்தில் வருஷத்து மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் பெய்து தீர்ந்துவிடுகிறது. மார்கழி முடிந்து போகி வரும்போது வானம் வெளுத்து, வெயில் சுகமாகக் காய்கிறது. போகியன்று பழையதைக் கழிப்பதோடு நின்றுவிடாமல், பீரோவை அடியோடு காலி செய்து, கதவைத் திறந்தபடி அரை நாள் காற்றாட விடுங்கள். அப்போது தட்டுகளில் பெயிண்டு உரிந்த இடம் கண்ணில் படும். அங்கே உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஒரு கை பெயிண்டு பூசினால், வெள்ளை வேஷ்டியில் துருக்கறை ஏறாது. தச்சரை வரவழைத்துச் சுவர்க்கட்டை அடிப்பதற்கும் காலிப் பீரோதான் சௌகரியம்.

எல்லாவற்றையும் வெளியே எடுக்கும்போது லாக்கரின் மூலையில் கை விட்டுப் பாருங்கள். பீரோவோடு கடைக்காரர் இரண்டு சாவி கொடுத்திருப்பார். ஒன்று வீட்டு அம்மாளின் இடுப்பில் இருக்கிறது. இரண்டாவது சாவி, பத்திரமாக இருக்கட்டும் என்று, பீரோவுக்குள்ளேயே வைத்துப் பூட்டப்பட்டிருக்கும். அதை வெளியே எடுத்து, வீட்டில் பெரியவர் இன்னொருவருக்குத் தெரிந்த ஓர் இடத்தில் வைத்துவிட்டுப் பிறகு துணிகளை அடுக்க ஆரம்பிக்கலாம்.